கம்பி கழற்றிய வருஷம்

என் தம்பி வடம் இழுப்பவன். ஓணம் நெருங்கினால் எங்கள் பக்கத்தில் ஊருக்கு ஊர் வடம் இழுக்கும் போட்டி நடக்கும். இந்தப் பக்கம் ஏழு பேர், அந்தப் பக்கம் ஏழு பேர், நடுவில் ஒரு சிவப்புத் துணி கட்டிய வடம். தராசில் ஏறி நின்று மொத்த எடை பார்த்துத்தான் களத்தில் இறக்குவார்கள். அதனால் ஆடி பிறந்ததும் எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்குச் சண்டை வரும். அம்மா சோற்றை அள்ளி வைப்பாள். அவன் பாதியை எடுத்துத் திரும்பச் சட்டியில் போடுவான்.

"நான் ஒரு கிலோ ஏறுனா இன்னொருத்தன் ஒரு கிலோ எறங்கோணும்மா. அவன் பட்டினி கெடக்கறான்" என்பான்.

"அவன் கெடக்கட்டும். நீ தின்னு" என்பாள் அம்மா.

அந்த இன்னொருத்தன் அவனுடைய சிநேகிதன். எங்கள் ஊர் முறையில் எனக்குப் பெரியப்பா ஆகிறவரின் ஒரே மகன். தம்பி வடத்தின் முதல் ஆள். இவன் கடைசி ஆள். வடத்தை உடம்பில் சுற்றிக்கொண்டு பின்னால் சாய்ந்து நிற்பவன். இருவரும் பால்வாடியிலிருந்து ஒன்றாகப் போனவர்கள். என்னை இரண்டு பேருமே அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். எங்கள் அப்பா சீக்கிரம் போய்விட்டதால் தம்பியை நான் இடுப்பில் வைத்து வளர்த்தேன். அந்த இடுப்பின் இன்னொரு பக்கத்தில் பல நாள் இவனும் இருந்திருக்கிறான்.

எங்கள் ஊர் கேரளத்தில், பாலக்காட்டுச் சித்தூருக்குக் கிழக்கே, எல்லையை ஒட்டி இருக்கிறது. நடந்தே தமிழ்நாட்டுக்குள் போய்க் கடையில் சாமான் வாங்கி வரலாம். அப்படிப் போய் வந்த பையன்கள் சாமான் மட்டும் வாங்கி வரவில்லை. சில வருஷங்களுக்கு முன்னால் எங்கள் தெருவிலேயே நன்றாகப் படித்துக்கொண்டிருந்த ஒரு பையன் போதை மாத்திரை போட்டுப் பழகி, கடைசியில் ஆஸ்பத்திரியிலிருந்து உயிரோடு திரும்பவில்லை. அதற்குப் பிறகுதான் ஊரில் ஒரு பயம் வந்தது. எங்கள் வடம் இழுக்கும் கிளப் அந்தப் பயத்தில் பிறந்ததுதான்.

யாரோ ஒருவர் தொடங்கினார் என்று சொல்ல முடியாது. எங்கள் வார்டு மெம்பரம்மா பஞ்சாயத்தில் பேசி, வாயனசாலை என்கிற ஊர் நூலகக் கட்டடத்தில் ஒரு அறை வாங்கித் தந்தார். பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார், பாலக்காட்டுக்காரர், சம்பளம் எதுவும் இல்லாமல் காலை நேரத்தைத் தந்தார். கோயில் கமிட்டி வடமும் பூட்சும் வாங்கிக் கொடுத்தது. நான் வேலை செய்கிற பால் சொசைட்டி, சீசன் முடிகிறவரை பையன்களுக்குப் பால் கொடுத்தது. கமிட்டியில் ஒரு பெண் இருக்க வேண்டும் என்று மெம்பரம்மா சொன்னதால் என்னையும் சேர்த்தார்கள். களம் மட்டும் இல்லாமல் இருந்தது. பள்ளிக்கூட மைதானம் சின்னது. வடம் இழுத்தால் பூட்ஸ் தரையை உழுதுவிடும், பிள்ளைகள் ஓட முடியாது. அப்போது பெரியப்பா தன் தோட்டத்தை ஒட்டிக் கிடந்த தரிசை விட்டுக் கொடுத்தார்.

"சும்மாதான கெடக்குது. பசங்க உழுதா எனக்கும் உழவு மிச்சம்" என்று சொல்லிச் சிரித்தார். அவர் அதிகம் சிரிக்கிற மனிதர் இல்லை. அதனால் அது எனக்கு நினைவிருக்கிறது.

அங்கே இருந்த புளியமரக் கிளையில் கப்பி மாட்டி, மண் நிரப்பிய டிரம்மைக் கட்டி, பையன்கள் விடிந்தும் விடியாமலும் இழுத்துப் பழகுவார்கள். எட்டு மணிக்குள் முடித்துவிட்டு ஆளுக்கொரு வேலைக்குப் போவார்கள். தம்பி பொள்ளாச்சியில் ஒரு லேத் பட்டறைக்குப் போனான். மாத்திரைப் பழக்கத்தில் போன இரண்டு பையன்கள் அதை விட்டுவிட்டு எங்களிடம் வந்தார்கள். அவர்களில் ஒருவன் முரடன், வாய் நிற்காது. ஆனால் வடத்தைப் பிடித்தால் விட மாட்டான். அவனை நடுவில் நிறுத்தினார் வாத்தியார்.

தரிசுக்கு அந்தப் பக்கம் பெரியப்பாவின் நிலக்கடலைக் காடு. கடலை முற்றுகிற சமயத்தில் காட்டுப்பன்றி கூட்டமாக இறங்கும். ஒரே ராத்திரியில் முழங்கால் ஆழத்துக்குக் கிளறிப் போட்டுவிட்டுப் போய்விடும். அதற்காகச் சுற்றிலும் குச்சி நட்டு, கட்டுக்கம்பி இழுத்து, மோட்டார் ரூமிலிருந்து கரண்ட் கொடுத்துவிடுவார்கள். சட்டப்படி தப்பு என்று எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் செய்தார்கள். விடிந்ததும் யாராவது போய் சுவிட்சை அணைத்துவிட்டு வருவார்கள். செத்த பன்றியைப் பற்றி யாரும் வெளியே பேச மாட்டார்கள்.

அந்த வருஷம் ஓணத்துக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. விளையாட்டு வாத்தியார் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியூர்ப் போட்டிக்குப் போக வேண்டியிருந்ததால், மறுநாள் எப்போதையும்விடச் சீக்கிரம் வந்துவிடுங்கள் என்று பையன்களிடம் சொல்லியிருந்தார். பெரியப்பாவுக்கு அது தெரியாது. பன்றி தரிசுப் பக்கமாக இறங்குகிறது என்று அன்றைக்குச் சாயங்காலம்தான் அவர் கம்பியை, பையன்கள் களத்துக்கு நடந்து வரும் வாய்க்கால் வரப்பு வரைக்கும் நீட்டிக் கட்டியிருந்தார். பையன்களுக்கு அது தெரியாது. அவர் மகன் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் இரவு ஷிப்டு பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் தெரியாது.

தம்பிதான் முதலில் போனவன். எப்போதும் அவன்தான் முதலில் போவான். முந்தின இரவு மழை பெய்து வரப்பு ஈரமாக இருந்தது.

நான் சொசைட்டியில் பால் அளந்துகொண்டிருந்தேன். முரட்டுப் பையன் சைக்கிளில் வந்து, இறங்காமலே ஒரு காலை ஊன்றி நின்றான்.

"என்னடா?" என்றேன்.

"வாங்கக்கா."

"எங்க?"

"வாங்க. களத்துக்கு வாங்க."

கையில் இருந்த அளவுப் படியை எங்கே வைத்தேன் என்று தெரியாது. அவன் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனேன். வழியில் அவன் முதுகு குலுங்கியது. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. என்ன என்பது தெரியவில்லை, ஆனால் தெரிந்துவிட்டது.

தம்பி வரப்பின் மேல் மல்லாக்கக் கிடந்தான். பூட்சைக் கயிற்றால் கட்டித் தோளில் போட்டிருந்தான். அது அப்படியே இருந்தது. வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறான். அவன் தலைமாட்டில் பெரியப்பா மகன் உட்கார்ந்திருந்தான். ஷிப்டு முடிந்து நேராகக் களத்துக்கு வந்தவன்தான் முதலில் பார்த்திருக்கிறான். ஓடிப்போய் மோட்டார் ரூமில் சுவிட்சை அணைத்துவிட்டு வந்து, நெஞ்சை அமுக்கி, வாயில் ஊதி, எல்லாம் செய்து பார்த்திருக்கிறான். கிளப்பில் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் வந்து சொல்லிக்கொடுத்ததுதான் அது. இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்துதான் கற்றுக்கொண்டார்கள்.

நான் தம்பியின் தலையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு நடந்ததைச் சிலது பார்த்தேன், சிலது பின்னால் கேட்டேன். ஆனால் இதை நான் என் கண்ணால் பார்த்தேன். பெரியப்பா காட்டுக்குள்ளிருந்து வந்தார். ஒரு நிமிஷம் நின்று பார்த்தார். பிறகு குனிந்து, குச்சியிலிருந்து கம்பியை அவிழ்த்துக் கையில் சுற்ற ஆரம்பித்தார். அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. என்ன செய்கிறோம் என்று தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா, இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

மகன் எழுந்து போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"கழட்டாதீங்க அப்பா."

"விடுறா."

"அப்படியே கெடக்கட்டும். போலீசு வந்து பாக்கட்டும்."

"டேய், நானு உன்ற அப்பன்டா."

"அதுக்குத்தானுங்க சொல்றன்" என்றான். கையை விடவில்லை.

போலீஸ் வந்து கேட்டபோது அவன்தான் சொன்னான். "என்ற அப்பா கட்டுன கம்பிங்க. கரண்டு எங்க மோட்டார் ரூம்ல இருந்துங்க." அதைச் சொல்லும்போது அவன் யாரையும் பார்க்கவில்லை. மத்தியானத்துக்குள் பெரியப்பாவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கள் வீட்டு வாசலைக் கடந்துதான் ஜீப் போக வேண்டும். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

சாங்கியமெல்லாம் முடிகிறவரை பெரியப்பா மகன் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. சுடுகாட்டுக்கு மட்டும் வந்தான், கடைசியில் தூரமாக நின்றான் என்று முரட்டுப் பையன் சொன்னான். அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம் வாசலில் நின்றான். உள்ளே வரவில்லை.

"அந்தப் பக்கம் போட்டது எனக்குத் தெரியாதுங்கக்கா" என்றான்.

"தெரியும்" என்றேன். அவனுக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும் என்று சொல்ல வந்தேன். அது வேறு மாதிரி கேட்டிருக்குமோ என்று அவன் போன பிறகுதான் தோன்றியது. மறுநாள் போய்ச் சொன்னேன்.

அம்மா அன்றைக்கு உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். "அவன வரச் சொல்லாத அம்முணி. அவம்மேல கோவம் இல்ல. அவன் வந்தான்னா, பின்னாலயே இவன் வருவான்னு வாசலப் பாக்கறேன்" என்றாள்.

கொஞ்ச நாள் கழித்து வாயனசாலையில் கிளப் கமிட்டி கூடியது. வடம் இழுப்பு நின்றுபோயிருந்தது. களத்தில் யாரும் கால் வைக்கவில்லை. கூட்டத்துக்குப் போக வேண்டாம் என்று, அம்மா வீட்டிலேயே எங்களோடு இருக்கும் என் கணவர் சொன்னார். நான் போனேன். வீட்டில் உட்கார்ந்திருந்தால் சுவர்தான் தெரிந்தது.

கோயில் கமிட்டித் தலைவர்தான் முதலில் பேசினார். "இந்த வருஷம் கிளப்ப மூடி வெச்சர்லாமுங்க. ஊருக்குள்ள ரெண்டு ஊடு இப்படி ஆயிப்போச்சு. வெளையாட்டு ஒரு கேடா?"

முரட்டுப் பையன் எழுந்தான். "மூடுங்க, தொறங்க. ஆனா அவன் நிக்கற வடத்த நான் தொட மாட்டனுங்க. கம்பி கட்டுனவன் மகனோட என்னால நிக்க முடியாது."

இரண்டு மூன்று பேர் ஆமாம் என்றார்கள். விளையாட்டு வாத்தியார் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். நேரத்தை மாற்றியது தான்தான் என்ற நினைப்பு அவரைத் தின்றுகொண்டிருந்தது. மெம்பரம்மா எல்லார் முகத்தையும் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

எனக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கம் இல்லை. எழுந்திருக்கக்கூட இல்லை. உட்கார்ந்தபடியே கேட்டேன். "இங்க யாரு காட்டுல கம்பி இல்லீங்க?"

வெளியே ரோட்டில் ஒரு டிராக்டர் போனது.

"என்ற காட்டுல இருக்குது" என்றார் கோயில் கமிட்டித் தலைவர். மெதுவாகத்தான் சொன்னார். "நேத்து ராத்திரிகூடப் போட்டிருக்கறானுங்க, பையன். வேண்டாமுன்னு சொல்ல எனக்கு வாய் வரல. மரவள்ளி போட்டிருக்கறோம்."

முரட்டுப் பையன் உட்கார்ந்துவிட்டான். அவன் வீட்டிலும் இருந்தது. எல்லாருக்கும் தெரியும்.

அன்றைக்குக் கிளப்பை மூடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யவே இல்லை. மெம்பரம்மா கரண்ட் ஆபீசுக்கும் வனத்துறைக்கும் போன் செய்தார். ஊரில் இருக்கிற எல்லாக் கம்பியையும் எடுப்பது, அதை அதிகாரிகள் வந்து கேஸ் போட்டு எடுக்காமல் கிளப்புப் பிள்ளைகள் கூடப் போய் எடுப்பது, இனிமேல் போடுகிறவர்கள்மேல்தான் கேஸ் என்று பேசினார்கள். கரண்ட் ஆபீசிலிருந்து லைன்மேன்கள் வர ஒப்புக்கொண்டார்கள். ஆனால் எந்தக் காட்டில் எங்கே கம்பி போகிறது, எந்த மோட்டார் ரூமிலிருந்து எடுக்கிறார்கள் என்று யார் காட்டுவது? அதைச் சொன்னால் ஊரில் யாரும் முகத்தில் முழிக்க மாட்டார்கள்.

மறுநாள் பெரியப்பா மகன் மெம்பரம்மா வீட்டுக்குப் போய், "நான் காட்றனுங்க. எனக்கு இனி யாரு மொகத்துல முழிக்கறதுக்கு இருக்குது?" என்று சொல்லியிருக்கிறான். சின்ன வயசிலிருந்து அப்பாவோடு பன்றிக் காவலுக்குப் போனவன். ஊர்க் காடெல்லாம் அவனுக்குத் தெரியும்.

அப்படித்தான் அந்த ஓணத்து நாட்களில் நாங்கள் காடு காடாக நடந்தோம். கையுறை போட்ட லைன்மேன்கள் முன்னால் போய் இணைப்பைத் துண்டிப்பார்கள். அவர்கள் சரி என்று சொன்ன பிறகு பையன்கள் குச்சியைப் பிடுங்கி, கம்பியைச் சுற்றி டெம்போவில் போடுவார்கள். பள்ளிக்கூடத்துப் பெரிய பிள்ளைகள் சிலரும் வந்தார்கள். பாட்டுச் சத்தம் வேறு ஊர்களிலிருந்து காற்றில் வரும். நாங்கள் அதிகம் பேசாமல் நடப்போம். பெரியப்பா மகன் கையை நீட்டிக் காட்டுவான். பக்கத்தில் வர மாட்டான். தண்ணீர் குடிக்கும்போதுகூடத் தனியாகவே உட்கார்வான். சில தோட்டக்காரர்கள் வாசலில் நின்று அவனைத் திட்டினார்கள். "அப்பனக் காட்டிக் குடுத்தவன், இப்ப ஊரக் காட்டிக் குடுக்கறான்" என்று ஒருத்தர் என் காதுபடவே சொன்னார். அவனும் கேட்டான். வேலியைத் தாண்டி அடுத்த காட்டுக்குப் போனான்.

நான்கைந்து காடு தாண்டி ஒரு அம்மா இருந்தார். புருஷன் இல்லாமல் தனியாகக் கிழங்கு போட்டிருக்கிறவர். லைன்மேன் மோட்டார் ரூமுக்குப் போக விடாமல் கதவை மறித்து நின்றுகொண்டார்.

"நீங்க அவுத்துட்டுப் போயிருவீங்க சாமி. பன்னி வந்து கெழங்கத் தோண்டிப் போட்டுட்டுப் போச்சுன்னா நான் யாரக் கேக்கறது? உங்கள்ல எவனாவது வந்து நிப்பானா?"

அவர் கேட்டது நியாயம். மெம்பரம்மா சோலார் வேலி, மானியம் என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார்.

"அது எப்ப வரும்?" என்று அந்த அம்மா கேட்டார். மெம்பரம்மா நிறுத்திக்கொண்டார்.

"நாங்க வந்து நிக்கறமுங்க ஆத்தா" என்றான் முரட்டுப் பையன்.

"வந்து?"

"காவலுக்கு. டார்ச்சு வெச்சுக்கறம். தகரம் தட்டறம்."

"ஒரு நாளைக்கி வருவ. அப்பறம்?"

"மொற வெச்சு வாரமுங்க. கிளப்புல இருந்து." அவன் எங்களைப் பார்த்தான். எங்களைக் கேட்காமல் சொல்லிவிட்டோமே என்ற பயம் முகத்தில் இருந்தது. வாத்தியார் தலையை ஆட்டினார்.

அந்த அம்மா அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கதவை விட்டு விலகினார்.

கிளப் அந்த வருஷம் செய்தது அதுதான். எந்தப் போட்டிக்கும் போகவில்லை. கடலை, கிழங்கு, நெல் என்று அறுவடை முடிகிற வரைக்கும் முறை வைத்துக் காவல் இருந்தார்கள். சொசைட்டியிலிருந்து நான் டீக்குப் பால் அனுப்பினேன். கோயில் கமிட்டி டார்ச் லைட் வாங்கிக் கொடுத்தது. வாயனசாலை அறையில் யார் எந்தக் காட்டுக்கு என்று பேசி முடிவு செய்துகொண்டு போவார்கள். சில காடுகளில் பன்றி புகுந்துவிட்டது. அதற்கு ஏச்சும் வாங்கினார்கள். ஒரு சில பேர் திரும்பவும் கம்பி போட்டார்கள். பையன்கள் போய்ப் பேசி எடுத்தார்கள். ஒருத்தர் மேல் கேஸ் ஆனது. சோலார் வேலி ஊரின் ஒரு பக்கத்துக்கு மறு வருஷம் வந்தது. இன்னொரு பக்கத்துக்கு இன்னும் வரவில்லை.

முறை போட்டதில் முரட்டுப் பையனும் பெரியப்பா மகனும் ஒரே காட்டுக்கு விழுந்தார்கள். வேண்டுமென்றே வாத்தியார் அப்படிப் போட்டாரா என்று கேட்டேன். அவர் மலையாளத்தில், "அறியில்ல, தெரியாது" என்று மட்டும் சொன்னார். அவர்கள் இரண்டு பேரும் அந்த அறுவடை முழுக்க என்ன பேசிக்கொண்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஒன்றும் பேசியிருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அடுத்த ஆடி பிறந்தபோது முரட்டுப் பையன்தான் அவன் வீட்டுக்குப் போனான்.

"வடத்துக்குக் கடைசி ஆள் இல்ல. வா" என்றிருக்கிறான்.

"வேற ஆள் பாருங்கடா."

"பாத்தாச்சு. எல்லாரும் முன்னாலதான் நிப்பாங்களாமா."

இது எனக்கு முரட்டுப் பையன் சொன்னது. பெரியப்பா மகன் வந்தான். பழைய களத்துக்கு இல்லை. கோயில் நிலத்தில் ஒரு ஓரத்தை ஒதுக்கித் தந்தார்கள். புதிதாகக் கம்பம் நட்டு அதில் கப்பி மாட்டினார்கள். தம்பி நின்ற இடத்தில் யாரை நிறுத்துவது என்று ரொம்ப நாள் இழுத்தது. யார் நின்றாலும் முதல் கொஞ்ச நாள் தரையைப் பார்த்தபடி இழுத்தார்கள். முன்னால் எதிராளியைப் பார்க்கிறவன்தான் முதல் ஆள். கடைசியில் பள்ளிக்கூடம் முடித்த ஒருவன் வந்தான். தம்பியை அவனுக்கு அவ்வளவாகத் தெரியாது. அது அவனுக்கு உதவியாக இருந்தது.

அந்த ஓணத்துக்குக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் ஒரு போட்டிக்குப் போனோம். நானும் டெம்போவில் ஏறிக்கொண்டேன். தராசில் ஏறும்போது எடை குறைவாக இருந்தது. அறுவடைக் காலம் முழுக்க ராத்திரிக் காவலுக்குப் போய் மெலிந்த பையன்கள் இன்னும் தேறியிருக்கவில்லை. முதல் சுற்றில் ஜெயித்தார்கள். இரண்டாவதில் மலையிலிருந்து வந்த ஒரு டீம், தேயிலை எஸ்டேட் பையன்கள், எங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் போனார்கள். சீக்கிரம் முடிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. பெரியப்பா மகன் குதிகாலைத் தரையில் ஊன்றி, முகம் வானத்தைப் பார்க்க, ரொம்ப நேரம் நின்றான். கோடு தாண்டிய பிறகும் அவன் வடத்தை விடவில்லை. முரட்டுப் பையன் போய் அவன் உடம்பிலிருந்து சுற்றை அவிழ்த்தான்.

திரும்பி வரும்போது யாரும் அழவில்லை. ரோட்டோரக் கடையில் எல்லாரும் வயிறு முட்டச் சாப்பிட்டார்கள். இனி எடை பார்க்க வேண்டியதில்லை.

பெரியப்பா அதற்கு முன்பே ஜாமீனில் வந்துவிட்டார். அவர் வீட்டில் மாடு இருக்கிறது; தினமும் பால் கொண்டுவந்து சொசைட்டியில் ஊற்ற வேண்டும். வேறு சொசைட்டி பக்கத்தில் கிடையாது. முதல் நாள் வரிசையில் அவரைப் பார்த்தபோது அளவுப் படியைக் கீழே வைத்துவிட்டேன். பக்கத்தில் இருந்த பெண், "நான் பாத்துக்கறன், உள்ள போ" என்றாள். நான் போகவில்லை. அவர் பாத்திரத்தை வைத்தார். நான் பாலின் தரம் பார்க்கும் மானியை விட்டுப் பார்த்து அளவைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். மனுஷர் பாதியாகிப் போயிருந்தார். பரிதாபம் வந்ததா என்றால் வந்தது. மன்னித்தேனா என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஒருமுறை மழையில் அவர் கால் வழுக்கி வாசலில் தடுமாறினார். என் கை தானாகப் போய்ப் பிடித்தது. அவர் அந்தக் கையைப் பார்த்தபடி நின்றார். "போங்க, பால் வழியுது" என்றேன்.

மகன் அவரோடு ஒரே வீட்டில்தான் இருக்கிறான். அவருக்குச் சமைத்துப் போடுகிறான். இரண்டு பேருக்கும் பேச்சு கிடையாது என்று ஊரில் சொல்கிறார்கள். பெரியம்மா முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். இருந்திருந்தால் வேறு மாதிரி இருந்திருக்குமோ என்னவோ.

கேஸ் விசாரணைக்கு வந்தது போன மாதம். பெரியப்பா மகன்தான் முக்கியமான சாட்சி. அவன் சாட்சி சொல்ல மாட்டான், பல்டி அடித்துவிடுவான், என்ன இருந்தாலும் அப்பன் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அவர்கள் சொந்தக்காரர்கள் அவனை வைத்துக்கொண்டு பேசியும் பார்த்திருக்கிறார்கள். அம்மா கோர்ட்டுக்கு வருவேன் என்றாள். நான் கூட்டிக்கொண்டு போனேன்.

பெரியப்பா கூண்டில் நின்றார். வக்கீல் கேட்டதற்கெல்லாம் மகன் பதில் சொன்னான். கம்பி யார் கட்டியது, கரண்ட் எங்கிருந்து வந்தது, நீ என்ன பார்த்தாய். அன்றைக்குப் போலீசிடம் சொன்னதையேதான் சொன்னான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அப்பா கம்பியைக் கழற்றப் பார்த்தாரா என்று கேட்டபோது மட்டும் திரும்பி அப்பாவைப் பார்த்தான். நீதிபதி திரும்பக் கேட்டார்.

"ஆமாங்க" என்றான். "அவருக்குக் கை நடுங்குச்சுங்க. அதையும் எழுதிக்கோணுமுங்க."

பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

வெளியே வந்தபோது அவர்கள் சொந்தக்காரர்கள் பெரியப்பாவைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதே காரில்தான் அவனும் காலையில் வந்திருந்தான். அவனை யாரும் கூப்பிடவில்லை. அவன் கொஞ்ச நேரம் கோர்ட் வாசலில் நின்றுவிட்டு, பஸ் ஸ்டாப்புக்கு நடந்து வந்தான். அங்கே நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். எங்களைப் பார்த்ததும் திரும்பிப் போகலாமா என்று யோசித்தான். போக இடம் இல்லை. ஸ்டாப்பின் அந்த முனையில் போய் நின்றுகொண்டான்.

வெயில் கடுமையாக இருந்தது. அம்மா அவனைப் பார்க்கவில்லை. பஸ் வந்தது. நாங்கள் முன்னால் ஏறினோம். அவன் பின்வாசலில் ஏறினான். உட்கார்ந்ததும் அம்மா சுருக்குப்பையை எடுத்தாள். எப்போதும் நான்தான் டிக்கெட் எடுப்பேன். கண்டக்டர் வந்து, "எத்தற?" என்றார்.

"மூணு" என்றாள் அம்மா.

கண்டக்டர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். அம்மா திரும்பாமலே பின்பக்கம் கையைக் காட்டினாள்.

ஊர் ஸ்டாப்பில் மூன்று பேரும் இறங்கினோம். அவன் எங்கள் பின்னால் கொஞ்ச தூரம் வந்தான். பிறகு வாய்க்கால் பாலத்தில் தன் வீட்டுக்குப் போகிற பாதையில் திரும்பிவிட்டான். அம்மா வீட்டுக்கு வந்து கை கால் கழுவி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள். அந்த டிக்கெட்டைப் பற்றி நான் கேட்கவில்லை. தீர்ப்பு இன்னும் வரவில்லை.